அறிவியலுக்கு இன்னும் மூன்று நாள்: எதைப் படிப்பது, எதை விடுவது?

கேள்வி: ஐயா, நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். நாளை கணக்குப் பரீட்சை. அது முடிந்தால் அறிவியலுக்கு முழுசாக மூன்று நாள்தான் இருக்கிறது. நவம்பரில் அம்மை போட்டு மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அப்போது நடத்திய அணுக்கரு இயற்பியல், கார்பன், மரபியல் மூன்றும் சுத்தமாகத் தெரியாது. அரையாண்டில் 75க்கு 31. கைடை இரண்டு தடவை முழுசாக வாசித்துக் கலர் பேனாவில் கோடும் போட்டுவிட்டேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கிறது, கேள்வித்தாளைப் பார்த்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. கணக்கு கேட்டிருந்தால் விட்டுவிடுவேன். எந்தப் பாடத்தை விடலாம்? ராத்திரி முழுக்க முழித்தால் முடியுமா? வாட்ஸ்அப்பில் ‘கண்டிப்பாக வரும்’ என்று ஒரு லிஸ்ட் வந்திருக்கிறது, அது போதுமா? எனக்கு 55 வாங்க வேண்டும். பதினொன்றில் சயின்ஸ் குரூப் கிடைக்குமா?

— பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற அறிவியல் பட்டதாரி ஆசிரியர்

தம்பி, முதலில் ஒன்று. இந்தப் பதிலை கணக்குப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு படி. இன்று ராத்திரி அறிவியலை நினைத்துக்கொண்டு கணக்கில் கோட்டை விடாதே.

உன் கடிதத்திலேயே உன் பிரச்சினை இருக்கிறது. வாசிக்கும்போது தெரிகிறது, கேட்டால் வரவில்லை என்கிறாய். வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான், ஆனால் அவர்கள் ‘எனக்கு ஞாபகசக்தி இல்லை சார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஞாபகசக்தியில் குறை ஒன்றுமில்லை. இரண்டாவது முறை வாசிக்கும்போது வரிகள் ஏற்கெனவே பார்த்தவையாக இருப்பதால் மனசு ‘இது தெரியும்’ என்று சொல்லிவிடுகிறது. பரீட்சை ஹாலில் அந்த வரி கண்முன்னால் இருக்காது. நீயாக உள்ளேயிருந்து எடுக்க வேண்டும். அந்த எடுக்கும் வேலையை நீ இதுவரை ஒருநாளும் பழகவில்லை.

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்து, ஒரு சாராரைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைத் திரும்ப வாசிக்க விடாமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 54 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 68 சதவீதம் நினைவில் இருந்தது. உனக்கு இருப்பதும் அந்த இரண்டு மூன்று நாள்தான். கைடை மூன்றாவது தடவை வாசிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. கலர் பேனாவை அம்மாவிடம் கொடுத்துவிடு.

அதற்குப் பதில் இப்படிச் செய். ஒரு கேள்வியின் விடையை ஒருமுறை நிதானமாகப் படி. புத்தகத்தை மூடு. ரஃப் நோட்டில் எழுது. வராவிட்டால் உடனே திறந்துவிடாதே, ஒரு நிமிடம் முட்டி மோது. அந்த முட்டலில்தான் பாடம் பதிகிறது. பிறகு திறந்து, விட்டுப்போன சொற்களை மட்டும் சிவப்பு மையில் உன் விடைக்கு மேலேயே எழுது. சாப்பிட்டு வந்தபின் அதே கேள்வியை மறுபடி எழுதிப் பார், மறுநாள் காலையில் இன்னொரு முறை. மூன்று முறையும் சிவப்பு மை இல்லாமல் வந்தால் அந்தக் கேள்வி உன்னுடையது, அதற்குமேல் அதைத் தொடாதே. ஏழு மார்க் விடையை முழுக்க எழுத நேரம் இருக்காது. தலைப்புகளையும் முக்கியச் சொற்களையும் மட்டும் எழுதிப் பார்த்தால் போதும்.

இப்போது மார்க்குக்கு வருவோம். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறை முடிந்துவிட்டது, அதைப்பற்றி இனி நினைக்காதே. பாஸுக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தம் 35 வேண்டும். அரையாண்டிலேயே 31 எடுத்த நீ அந்தப் பயத்தை விட்டுவிடலாம். 55 எப்படி வரும் என்று பார். ஒரு மார்க் 12 கேள்வி. இரண்டு மார்க்கில் பத்துக் கொடுத்து ஏழு எழுதச் சொல்வார்கள், அது 14. நான்கு மார்க்கிலும் பத்துக்கு ஏழு, அது 28. ஏழு மார்க் மூன்று, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு, அது 21. ஒரு மார்க்கில் 10, இரண்டில் 12, நான்கில் 20, ஏழில் 13. கூட்டிப் பார், 55.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன் ஒன்று தெரியும். நம் பிள்ளைகள் மூன்று நாளில் இரண்டு நாளை ஏழு மார்க்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் இருப்பதோ 21தான். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் 26, நான்கு மார்க் மட்டுமே 28. உன் நேரத்தின் பெரும்பங்கு நான்கு மார்க்குக்குப் போக வேண்டும். அங்கேதான் வேறுபாடு, படம், கணக்கு என்று சீக்கிரம் பிடிபடுகிற கேள்விகள் வருகின்றன.

கணக்குப் பரீட்சை முடிந்த அன்று மாலை ஒருமணி நேரம் தூங்கு, அல்லது வெளியே போய்விட்டு வா. பிறகு புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திற. மொத்தம் 23 பாடம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நன்றாகத் தெரியும், அரைகுறை, தெரியாது என்று குறித்துக்கொள். முதல்நாளை அரைகுறைப் பாடங்களுக்குக் கொடு. நன்றாகத் தெரிந்ததை எடுத்து உட்கார்ந்தால் மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும், மார்க் ஏறாது. தெரியாததை முதலில் எடுத்தால் அரைநாள் போனபிறகு பயம் வந்துவிடும். பாதி தெரிந்த பாடத்தில் ஒரு மணி நேரம் போட்டால் அது உடனே விடைத்தாளில் தெரியும்.

அம்மையில் போன மூன்று பாடங்களை இரண்டாம் நாள் காலையில் வைத்துக்கொள். மூன்றையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாம். அணுக்கரு இயற்பியல் பெயரைக் கேட்டுப் பயப்படாதே, மூன்றிலும் சுலபமானது அதுதான். ஆல்ஃபா, பீட்டா, காமா கதிர்களின் ஒப்பீட்டு அட்டவணையை எழுதிப் பழகு. ஆல்ஃபாவுக்கு அயனியாக்கும் திறன் அதிகம், ஊடுருவும் திறன் குறைவு. காமாவுக்கு நேர்மாறு, மின்சுமையும் கிடையாது. ஆல்ஃபா சிதைவில் நிறை எண் நான்கு குறையும், அணு எண் இரண்டு குறையும். யுரேனியம் 238 ஓர் ஆல்ஃபாவை விட்டால் தோரியம் 234 ஆகிறது, அணு எண் 92இலிருந்து 90க்கு இறங்குகிறது. பீட்டா சிதைவில் நிறை எண் மாறாது, அணு எண் ஒன்று கூடும். இந்த இரண்டு வரியில் ஒரு கணக்கே கிடைத்துவிடும். அணுக்கரு பிளவு, இணைவு வேறுபாடு, அயோடின் 131 தைராய்டுக்கு, கோபால்ட் 60 புற்றுநோய்க்கு என்று ஐசோடோப்புகளின் பயன்கள், இவ்வளவு பார்த்தால் போதும்.

மரபியலில் மெண்டலின் ஒருபண்புக் கலப்பைக் கட்டம் போட்டு நீயே வரை. நெட்டை, குட்டைப் பட்டாணி. முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டை. இரண்டாம் தலைமுறையில் தோற்றத்தில் 3:1, மரபணு அமைப்பில் 1:2:1. இந்த இரண்டு விகிதத்தையும் மாற்றி எழுதாத விடைத்தாளைப் பார்ப்பது அபூர்வம். டி.என்.ஏ. அமைப்பு படத்தோடு வேண்டும். வாட்சன், கிரிக் 1953இல் சொன்ன இரட்டைச் சுருள், அடினைனும் தைமினும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பால், குவானைனும் சைட்டோசினும் மூன்று பிணைப்பால் சேர்ந்திருக்கும்.

கார்பன் பாடத்தில் சேர்மங்களுக்குப் பெயரிடும் பகுதியை விட்டுவிடு. அதற்கு ஒரு வாரப் பழக்கம் வேண்டும், மூன்று நாளில் ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கழிவுப்பாகிலிருந்து எத்தனால் தயாரிப்பது, படிவரிசைச் சேர்மங்களின் பண்புகள், சோப்புக்கும் டிடர்ஜெண்டுக்கும் வேறுபாடு இவற்றை எடுத்துக்கொள். இயற்பியலில் ஒலியியலின் டாப்ளர் விளைவுச் சமன்பாடுகளையும் நீ விடலாம். முழுப் பாடத்தை விடாதே. எந்தப் பாடத்தை விட்டாலும் அதன் புக் பேக் ஒரு மார்க்கை மட்டும் பார்த்துவிடு. கடைசிப் பாடமான காட்சித் தொடர்பைத் ‘அது கம்ப்யூட்டர்’ என்று தள்ளிவிடுகிற வழக்கம் உண்டு. அது மிகச் சின்னப் பாடம், மத்தியானம் சாப்பிட்ட பிறகு தூக்கம் வரும் நேரத்தில்கூட முடித்துவிடலாம்.

இனி நீ விட்டுவிடும் கணக்கு. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் 31க்கும் 55க்கும் நடுவில் இருப்பதில் பெரிய பங்கு இதுதான். 22ஆவது, 32ஆவது கேள்விகள் கட்டாய வினா. இரண்டும் பெரும்பாலும் கணக்காகவே வருகின்றன. கணக்கை விடுவது என்று நீ முடிவு செய்தால் ஆறு மார்க்கை உள்ளே நுழையும் முன்பே கொடுத்துவிட்டு நுழைகிறாய்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் முக்கியமான கணக்கு என்பது ஏழெட்டு வகைக்குமேல் இல்லை. உந்தமும் விசையும், லென்சின் திறன், ஓம் விதியும் மின்தடை இணைப்பும், மின்திறன், மோல், கரைசலின் சதவீதம், பி.எச். மதிப்பு, இவ்வளவுதான். ஒவ்வொரு வகைக்கும் சூத்திரத்தை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. ஒரு வகைக்கு இரண்டு கணக்கு, புத்தகத்தை மூடிக்கொண்டு போடு. எல்லாவற்றையும் வரிசையாகப் போடாமல் கலந்து போடு. மின்தடைக் கணக்கு ஐந்தைத் தொடர்ந்து போட்டால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. பரீட்சையில் அந்த யோசனைதான் பாதி வேலை.

எங்கே சறுக்குவார்கள் என்று சொல்கிறேன், அங்கே மட்டும் கண்ணைத் திறந்து வை. 4 ஓம், 12 ஓம் இரண்டும் பக்க இணைப்பில் என்றால் கால், பன்னிரண்டில் ஒன்று, இரண்டையும் கூட்டினால் மூன்றில் ஒன்று வரும். அத்தோடு நிறுத்திவிட்டு ‘மின்தடை 1/3 ஓம்’ என்று எழுதுவார்கள். தலைகீழாக்க வேண்டும், விடை 3 ஓம். பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை இருப்பதிலேயே சிறிய தடையைவிடக் குறைவாகத்தான் வரும் என்பதை நினைவில் வைத்தால் உன் விடையை நீயே சரிபார்க்கலாம். குவியத் தொலைவு 20 செ.மீ. என்று கொடுத்து லென்சின் திறனைக் கேட்டால் மீட்டருக்கு மாற்றாமல் 1/20 என்று போட்டுவிடுவார்கள். 0.2 மீட்டர், ஆகவே 5 டயாப்டர். குழிலென்சு என்றால் முன்னால் கழித்தல் குறி. 10 கிராம் உப்பை 40 கிராம் நீரில் கரைத்தால் நிறை சதவீதம் என்ன என்றால் பலரும் 25 என்று எழுதுவார்கள். வகுக்க வேண்டியது கரைசலின் நிறையால், அதாவது 50ஆல். விடை 20. ஆக்சிஜன் வாயு என்று சொன்னால் மூலக்கூறு நிறை 32. அங்கே 16 போட்டால் மோல் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும்.

நான் பல வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்திருக்கிறேன். கணக்கில் மார்க்கைப் படிப்படியாகத்தான் போடுவோம். கொடுக்கப்பட்டவை, சூத்திரம், எண்களைப் பொருத்துவது, விடை அலகோடு. கடைசி விடை தப்பாக இருந்தாலும் சூத்திரத்துக்கு உரியது கிடைக்கும். வெறும் தாளுக்கு எதையும் போட முடியாது, போட மனசிருந்தாலும். அதனால் கணக்கு முழுசாக வராவிட்டாலும் தரவையும் சூத்திரத்தையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடு.

படம் வரைவதும் இதே கணக்கில் வரும். இதயம், நியூரான், டி.என்.ஏ. இவற்றைப் பார்த்து வரைவதை நிறுத்திவிட்டு, மூடிவைத்து வரை. பென்சில் அழகைவிட பாகங்களின் பெயர்தான் மார்க் வாங்கித்தரும். இதயத்தில் ஒரு கவனம் வேண்டும். உடலின் இடப்பக்கம் தாளில் உனக்கு வலப்பக்கத்தில் வரும். எதிரே நிற்பவரின் இதயத்தை நீ பார்ப்பதாக வைத்துக்கொள். மூவிதழ் வால்வு வலப்புறம், ஈரிதழ் வால்வு இடப்புறம். தமனி என்றால் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்று பொதுவாக மனப்பாடம் செய்தவர்கள் நுரையீரல் தமனியில் மாட்டிக்கொள்வார்கள். அதில் போவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்.

வாட்ஸ்அப் லிஸ்ட் பற்றிக் கேட்டிருக்கிறாய். கேள்வித்தாள் எடுப்பவர் யார் என்றே யாருக்கும் தெரியாதபோது ‘கண்டிப்பாக வரும்’ என்று ஒருவர் எழுதுவது ஜோசியம்தான். அந்த லிஸ்ட்டில் ஐம்பது கேள்வி இருந்தால் அதில் பத்து வரத்தான் செய்யும், ஏனென்றால் எல்லாம் புக் பேக் கேள்விகள். வராத நாற்பதைப் பற்றி மறுநாள் யாரும் பேச மாட்டார்கள். அதைவிடப் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள் இரண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மாதிரி வினாத்தாள் ஒன்றும் உன் பள்ளியிலேயே கிடைக்கும், வாங்கிக்கொள். மூன்றாம் நாள் காலை பத்தே காலுக்கு அதில் ஒன்றை எடுத்து உட்கார்ந்து நேரம் வைத்து எழுது. போனை அந்த மூன்று மணி நேரமும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. வீட்டில் டிவி ஓடினால் கோயில் மண்டபமோ நூலகமோ போ. அந்தத் தாளில் எது வரவில்லையோ அதுதான் அன்று மத்தியானப் பாடம். அன்று மாலைக்குமேல் புதிதாக எதையும் திறக்காதே.

ராத்திரி முழுக்க முழிப்பதைப் பற்றிக் கேட்டாய். வேண்டாம். பகலில் எழுதிப் பார்த்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். முழித்துப் படித்தவன் மறுநாள் தெரிந்ததையும் தேடிக்கொண்டிருப்பான். முதல் இரண்டு நாள் பதினொரு மணி, பரீட்சைக்கு முந்தின நாள் பத்து மணி, அதற்குமேல் விளக்கை அணைத்துவிடு. விடியற்காலை ஐந்துக்கு எழுந்தால் ஒரு மார்க் பார்க்க அருமையான நேரம். அம்மை வந்து போன உடம்பு, வேளாவேளைக்குச் சாப்பிடு. டீயைச் சாப்பாடாக நினைக்காதே.

ஹாலில் பத்து மணிக்கு வினாத்தாள் கொடுப்பார்கள், பத்தேகாலுக்குத்தான் எழுத வேண்டும். வாசிக்கும் பத்து நிமிடத்தில் இரண்டு, நான்கு மார்க் பகுதிகளில் எந்த ஏழு என்று முடிவு செய்துவிடு. கட்டாய வினாவை அந்த ஏழுக்குள் சேர்க்க மறந்துவிடாதே, ஒவ்வொரு வருடமும் யாராவது மறக்கிறார்கள். ஒரு மார்க்கில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுது, வினாத்தாளிலேயே அப்படித்தான் கேட்டிருக்கும். ஒரு மார்க்குக்குக் கால்மணி, இரண்டு மார்க்குக்கு அரைமணி, நான்கு மார்க்குக்கு ஒன்றேகால் மணி, ஏழு மார்க்குக்கு முக்கால் மணி என்று வைத்தால் கடைசியில் கால்மணி மீதமிருக்கும். அந்தக் கால்மணியில் வினா எண்களைச் சரிபார். சரியான விடைக்குத் தப்பான எண் போட்டிருந்தால் திருத்துகிறவர் பாடு திண்டாட்டம், உன் பாடும்தான். வேறுபாடு கேட்டால் பத்தியாக எழுதாமல் நடுவில் கோடு போட்டு எழுது. ‘அல்லது’ உள்ள இடத்தில் முழுசாகத் தெரிந்த ஒன்றை எடு. இரண்டிலும் பாதி பாதி எழுதிவைக்காதே.

சயின்ஸ் குரூப் பற்றிய உன் கேள்விக்கு இப்போது நேரான பதில் சொல்ல முடியாது. அது அறிவியல் மார்க்கை மட்டும் வைத்து முடிவதில்லை. உன் மொத்த மார்க், நீ சேரும் பள்ளியில் எத்தனை இடம், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பலதும் சேர்ந்தது. அரசுப் பள்ளிகளில் 400க்குக் கீழே எடுத்தவர்களும் உயிரியல் குரூப்பில் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரிசல்ட் வந்ததும் ஐந்து பாட மார்க்கையும், உன் ஊரைச் சுற்றி எந்தெந்த மேல்நிலைப் பள்ளி இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்பு. கணிதத்தில் உனக்கு எவ்வளவு பிடிப்பு என்பதையும் மறக்காமல் எழுது, குரூப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது அதுதான்.